புதன்கிழமைப் பாடக்குறிப்பு

சென்ற மாதம் எங்கள் வட்டார வள மையத்தில் புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. பழைய ஆள் ஒருவர் பத்து நிமிடம் பேசினால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் எட்ட வேண்டிய கற்றல் விளைவுகளை எண் போட்டு அச்சிட்டுக் கையில் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பாடம் திட்டமிட வேண்டும், போனில் ஏற்ற வேண்டும். "உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள். இருந்தது, பெயர்தான் வேறு என்றேன். நோக்கத்தை எப்படி எழுதுவது, அதை ஐந்து பீரியடாக எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கை தட்டினார்கள்.

கிளம்பும்போது வேறொரு பெண் என் பின்னால் வந்தாள். "எல்லாம் சரியாப் பிளான் பண்ணி நடத்தியும் ஒரு பாடம் தப்பாப் போயிருக்கா மேடம், உங்களுக்கு?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா தரங்கம்பாடிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நாங்கள் நான்கு பெண்கள், நான் மூத்தவள். தஞ்சாவூரில் இரண்டு வருடம் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். அங்கே கற்றதில் முக்கால்வாசி அட்டை ஒட்டுவதும் படம் வரைவதும்தான். மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போய், இறங்கி இரண்டு மைல் வாய்க்கால் கரையில் நடக்க வேண்டிய ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லப் போகிறவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மன்னார்குடி வரைக்கும் கறுப்பு சிவப்புக் கொடி பறக்கும். எங்கள் ஊருக்குள் தெற்குத் தெருவில் மட்டும் மூங்கிலில் செங்கொடி நிற்கும். அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் பெரிய பண்ணைக்கு வேலை செய்தவர்கள். பண்ணை என்றால் மிராசுதார் ஒருவர். ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் அவருடையது. தெற்குத் தெருப் பிள்ளைகள் வகுப்பில் பின்வரிசையில்தான் உட்காருவார்கள். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. யாரும் மாற்றியதும் இல்லை. நானும் மாற்றவில்லை.

பள்ளியில் இரண்டு அறை, ஒரு ஓட்டுத் தாழ்வாரம், இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியர் வைத்தியலிங்கம் சார் நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேச மாட்டார். பண்ணை நிலத்தில் இரண்டு மா குத்தகைக்கு வைத்திருந்தார். எனக்கு மூன்றாம் வகுப்பும் முதல் வகுப்பும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் துணை ஆய்வாளர் சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர் கோதண்டராமன். டி.ஐ. என்றாலே அந்த வட்டாரத்து ஆசிரியர்களுக்குப் பயம். பள்ளியில் காபி குடிக்க மாட்டார். தண்ணீர்கூட அவரே பாட்டிலில் கொண்டு வருவார். வந்ததும் பாடக்குறிப்பு நோட்டைக் கேட்டார். நின்றபடியே படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'மாணவர் தம் ஊரைப் பற்றி அறிந்துகொள்வர்.' இது என்னங்க டீச்சர்?"

"நோக்கம் சார். பாடத்திட்டத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"பாடத்திட்டம் போட்டவன் மெட்ராஸ்ல இருக்கான். அவன் அப்படித்தான் போடுவான். அறிஞ்சுக்கிட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பையன் தலைக்குள்ள போய்ப் பாப்பீங்களா?"

அவர் சிவப்பு மையில் 'அறிந்துகொள்வர்' என்பதை ஒரே கோடாக அடித்தார்.

"வரைவர்னு எழுதுங்க. சுட்டுவர்னு எழுதுங்க. கூறுவர்னு எழுதுங்க. கண்ணால பாக்கக்கூடியது, காதால கேக்கக்கூடியது எதுவோ அதை எழுதுங்க. எழுதினது வகுப்புல நடக்கணும். நடக்காதது நோட்டுல இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சங்கதி."

போகும்போது வெறும் சுவரைக் காட்டினார். "அடுத்த தடவை வரும்போது இங்க பிள்ளைங்க வேலை இருக்கணும். எல்லாப் பிள்ளையோடதும். எண்ணிப் பாப்பேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அன்று மாலை வாய்க்கால் கரையில் நடந்து வரும்போதே அவர் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடத்தில் யாரும் அப்படித் தெளிவாகச் சொன்னதில்லை. அவரிடம் 'நன்று' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது.

'நம் ஊர்' பாடத்தைப் புதிதாகத் திட்டமிட்டேன். முதல் பீரியடில் சூரியனைப் பார்த்து நிற்க வைத்து நான்கு திசை. இரண்டாவதில் வகுப்பறையைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைவது. மூன்றாவதில் பள்ளிக்கூடம். நான்காவதில் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி. ஐந்தாவது என் சொந்த யோசனை. வீட்டிலிருந்து அப்பாவோ அம்மாவோ வேலைக்குப் போகும் வழியைப் பிள்ளைகள் தாளில் வரைய வேண்டும். நோக்கம் இப்படி எழுதினேன்: 'மாணவர் தம் பெற்றோர் வேலைக்குச் செல்லும் வழியைத் திசைக்குறியுடன் வரைவர்; படத்தைக் கொண்டு வழி கூறுவர்.' எழுதி முடித்து நானே இரண்டு தரம் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வகுப்பில் அஞ்சலை என்று ஒரு பெண். எட்டு வயது. தெற்குத் தெரு மாரிமுத்துவின் மகள். எழுத்து சுமாராகத்தான் வரும், கணக்கு அதைவிடச் சுமார். ஆனால் தரையில் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்தால் வகுப்பறையின் ஜன்னல், கரும்பலகை, என் நாற்காலி என்று ஒன்று விடாமல் அதனதன் இடத்தில் போட்டுவிடுவாள். அப்பாவுக்கு வயலுக்குக் கஞ்சி கொண்டுபோகிற பிள்ளை. ஊரின் வரப்பெல்லாம் அவள் காலுக்குத் தெரியும்.

புரட்டாசியில் குறுவை அறுவடை வந்தது. தெற்குத் தெருக்காரர்கள் கூலி நெல்லை உயர்த்தினால்தான் அரிவாள் எடுப்போம் என்றார்கள். பண்ணை வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கியது. ஒரு வியாழக்கிழமை காலை வயலில் இரண்டு கூட்டமும் எதிரெதிராக நின்றிருக்கிறது. கைகலப்பில் பண்ணை வேலைகளை மேற்பார்த்த காரியக்காரர் மண்டையில் அடிபட்டு விழுந்தார். அன்று மாலையே இறந்துபோனார். அடித்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆறு பேர் மீது வழக்கு எழுதினார்கள். மூன்று பேரைப் பிடித்தார்கள். மூன்று பேர் தப்பிவிட்டார்கள். தப்பியவர்களில் ஒருவர் மாரிமுத்து.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐந்தாவது பீரியட் நோட்டில் எழுதியபடி இருந்தது. பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள், அஞ்சலை வந்திருந்தாள். நான் பாடத்தை நடத்தினேன். ஒத்திப்போட்டிருக்கலாம். நோட்டில் இருந்ததால் நடத்தினேன். வராத பிள்ளைகள் சனிக்கிழமை வந்து வரைந்து கொடுத்தார்கள்.

அஞ்சலையின் படம் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. தெரு, மதகு, வாய்க்கால், கரையில் வரிசையாகப் பனை, தாழம்புதர். ஆனால் அவள் போட்ட வழி வயலில் நிற்கவில்லை. வயலைத் தாண்டி, புதருக்குள் நுழைந்து, ஒரு பழைய செங்கல் காளவாயில் போய் முடிந்தது. காளவாய்க்குள் குச்சி குச்சியாகக் கை கால் வைத்து ஓர் ஆள்.

"அப்பா வயலுக்குத்தானே போவாரு?" என்று கேட்டேன்.

அவள் என் காதருகே வந்தாள். "இப்ப அங்கதான் இருக்காரு டீச்சர். நான்தான் கஞ்சி கொண்டு போறேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லுச்சு." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "படத்துல போடலாம்ல டீச்சர்?" என்றாள்.

நான் அந்தத் தாளை வாங்கி மடித்து என் பைக்குள் வைத்திருக்க வேண்டும். வேறு ஒன்று வரையச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. இந்த விஷயம் என் காதில் விழவே இல்லை என்பதுபோல் இருந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. நான் சொன்னது இதுதான்: "வடக்கு எது? அம்புக்குறி போடலையே."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சரியான பக்கத்தில் அம்புக்குறி போட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனபோது தாழ்வாரத்தில் ரிசர்வ் போலீஸ் கூடாரம் அடித்த மாதிரி சாமான்களைப் பரப்பியிருந்தது. ஊருக்குக் காவல் போட்டிருக்கிறார்கள், தங்குவதற்கு வேறு கட்டிடம் இல்லை, வகுப்பு நடக்கட்டும் என்று உத்தரவாம். எஸ்.ஐ. ஒருவர், எட்டு போலீஸ்காரர்கள். துவைத்த துணி கொடிக்கம்பத்துக் கயிற்றில் காய்ந்தது.

சுவரில் முப்பத்தொரு படம் ஒட்டியிருந்தேன். அஞ்சலையின் படம் நடுவில் இருந்தது. அன்று காலை முதல் வேலையாக அதை எடுத்து, பீரோ ஓரத்து மூலையில், பாதி மறைகிற மாதிரி ஒட்டினேன். முழுவதுமாக எடுத்துவிட்டால் முப்பதுதான் இருக்கும். அவர் எண்ணிப் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார். இப்படி எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் அதுதான் காரணம்.

டி.ஐ. புதன்கிழமை வந்தார். இரண்டாவது பீரியட். தாழ்வாரத்தில் போலீசைப் பார்த்ததும் முகம் சுளித்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு நேராக என் வகுப்புக்குள் வந்தார். நோட்டை வாங்கினார். ஐந்து பீரியடையும் நிதானமாகப் படித்தார். கடைசி நோக்கத்தில் விரல் நின்றது.

"'வழி கூறுவர்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம் சார்."

"நல்லாருக்கு. பாப்போம்."

சுவரருகே போனார். உதடு அசைய எண்ணினார். "முப்பத்தொண்ணு. சரி." நடுவில் இருந்த படங்களை அவர் பார்க்கவில்லை. "நடுவுல இருக்கிறதெல்லாம் வாத்தியார் வச்சதுங்க. மூலையில இருக்கிறதுதான் பிள்ளைங்க வேலை" என்று சொல்லிக்கொண்டே பீரோ பக்கம் போனார். பாதி மறைந்திருந்த தாளின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"இது யாரோடது?"

பின்வரிசையிலிருந்து அஞ்சலை எழுந்தாள். பெரியவர்கள் கேட்டால் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் பழக்கியிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு உரக்கச் சொன்னாள். "மாரிமுத்து மகள் அஞ்சலை சார்."

"முன்னால வாம்மா. இந்தப் படத்த வச்சு எனக்கு வழி சொல்லு பாப்போம். நான் ஊருக்குப் புதுசு. எனக்கு ஒன்னும் தெரியாது."

ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் எஸ்.ஐ. நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவருடைய தோள் தெரிந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். 'வேற பிள்ளையக் கேளுங்க சார்' என்று சொன்னால் போதும். எதிரே டி.ஐ. சிரித்த முகமாக நின்றார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க வீட்டுலேருந்து கெழக்கால போனா மதகு வரும் சார்."

"சரி."

"மதகத் தாண்டி வாய்க்கா கரையிலயே போவணும். ஏழு பன."

"எண்ணியிருக்கியா?"

"ஆமா சார். அப்பறம் தாழம்புதரு. முள்ளு குத்தும். தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவணும். வடக்கால திரும்புனா காளவா."

"பலே. காளவாய்க்குள்ள இது யாரு?"

அஞ்சலை நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

"எங்கப்பா சார்" என்றாள்.

வெளியே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. எஸ்.ஐ. கையில் டம்ளரோடு உள்ளே வந்தார். கோபமாகவெல்லாம் வரவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வடக்கெல்லாம் போட்டிருக்கே" என்றார். தாளை ஒரு இழுப்பில் சுவரிலிருந்து எடுத்தார்.

டி.ஐ.க்கு அப்போதுதான் புரிந்தது. "அது பள்ளிக்கூட ரெக்கார்டுங்க. எடுக்கக் கூடாது. வைங்க."

"எழுதிக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு எஸ்.ஐ. ஆட்களைக் கூப்பிட்டார்.

அஞ்சலை வாசலை நோக்கி ஓடினாள். நிலைப்படியில் நின்ற ஒரு போலீஸ்காரர் அவள் கையைப் பிடித்துத் திருப்பி, "எங்க போற? பாடம் முடியல, உக்காரு" என்று முன்வரிசையில் உட்கார வைத்தார். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

டி.ஐ. என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியாது சார்."

அவர் தலைமையாசிரியர் மேசைக்குப் போய், ஆய்வுக்கு வருபவர்கள் எழுதும் பார்வைப் பதிவேட்டைத் திறந்தார். எப்போதும் நான்கு வரி எழுதுகிறவர் அன்று ஒரு பக்கம் எழுதினார். வந்த நேரம், பார்த்த வகுப்பு, அஞ்சலை படத்தைக் கொண்டு வழி சொன்னது, அந்தப் படத்தைக் காவல் அதிகாரி தம் ஆட்சேபத்தை மீறி எடுத்துப் போனது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பாடக்குறிப்பிலும் அன்றைய பக்கத்தின் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார். 'நன்று' என்று எழுதவில்லை.

பகல் இடைவேளைக்கு முன்பே கொண்டுவந்துவிட்டார்கள். காளவாயில் இருந்தது மாரிமுத்து மட்டும்தானாம். வாய்க்கால் கரையில், அவருடைய துண்டாலேயே கையைக் கட்டி நடத்தி வந்தார்கள். நிமிர்ந்து நடந்தார். உடம்பில் ஒரு காயம் கிடையாது. நான் பார்த்தேன், பள்ளிக்கூடமே ஜன்னலில் நின்று பார்த்தது. அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு "அப்பா" என்றாள். அவர் ஒரு கணம் நின்றார்.

"அழுவாத. போயி டீச்சரம்மாகிட்ட உக்காரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. சனிக்கிழமை மாலைதான் பிடித்தோம், காளவாயில் விழுந்து அடிபட்டுக் காய்ச்சலோடு கிடந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை என்று ஸ்டேஷனில் எழுதியிருந்தார்கள். புதனிலிருந்து சனி வரை அந்த ஆள் எங்கே இருந்தார் என்ற கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டார்கள்.

தெற்குத் தெரு சும்மா இருக்கவில்லை. செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் மனுமேல் மனு போட்டார்கள். கோட்ட அதிகாரி விசாரணை நடத்துவார் என்று உத்தரவு வந்தது. எல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் வந்து நின்றது. பிடித்தது புதன்கிழமையா, சனிக்கிழமையா? தெருக்காரர்கள் சொல்வதைச் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். கட்சிக்காரர்கள் என்று தள்ளிவிடுவார்கள். புதன்கிழமை நடந்தது பள்ளியில் எழுத்தாக இருந்தது இரண்டே இடத்தில்: டி.ஐ. எழுதிய பதிவேட்டுப் பக்கமும், அவர் கையெழுத்துப் போட்ட என் பாடக்குறிப்பும்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வைத்தியலிங்கம் சார் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எஸ்தரம்மா, பதிவேடு நனைஞ்சு போச்சும்மா. போலீசு தங்குனாங்கல்ல, ஓடு நகந்து ஒழுகிடுச்சு. ஒன்னும் படிக்க முடியல."

அந்த வாரம் மழையே பெய்யவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"பண்ணை வீட்டுல கூப்பிட்டு விட்டாங்க. உன் நோட்ட ஒருதரம் புதுசா எழுதிடச் சொல்றாங்க. புதன்கிழமைக்கு வேற ஏதாச்சும் பாடம். டி.ஐ. கையெழுத்து வேணாம். அவரு வேற நாள் வந்ததா இருந்துட்டுப் போவட்டும். நீ தகுதிகாண் பருவத்துல இருக்கே. அப்பா ஒத்த சம்பளம். உனக்குக் கீழ மூணு பொண்ணு. நான் சொல்றது உனக்குப் புரியுதுல்ல?"

புரிந்தது. ஜூன் மாதத்திலிருந்து அந்த வாரம் வரைக்குமான எல்லாக் குறிப்பையும் புதிய நோட்டில் எழுதினேன். நான்கு நாள் ஆயிற்று. 'பெற்றோர் வேலைக்குச் செல்லும் வழி' என்ற பீரியடையே எடுத்துவிட்டேன். புதன்கிழமைக்கு மூன்றாம் வகுப்புத் தமிழ், கும்மிப் பாடல். 'மாணவர் வட்டமாக நின்று தாளத்துடன் பாடுவர்.' வைத்தியலிங்கம் சார் ஒரே உட்காரலில் எல்லா வாரத்துக்கும் கையெழுத்துப் போட்டார். நடுநடுவே பேனாவை மாற்றிக்கொண்டார். பழைய நோட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. அந்தப் பழைய நோட்டு இருக்கிற வரைக்கும், மாரிமுத்துவைக் காட்டிக்கொடுத்த வழி என் பாடத்திலிருந்துதான் வந்தது என்பதும் என் கையெழுத்தில் இருக்கும். அது இல்லாமல் போக வேண்டும் என்று நான் விரும்பினேன். இதுதான் மீதிப் பாதி.

விசாரணை ஒரு சர்க்கார் கட்டிடத்தில், திறந்த ஜன்னல்கள் உள்ள நீளமான அறையில் நடந்தது. வெளியே மரத்தடியில் தெற்குத் தெரு ஜனம் நின்றது. டி.ஐ. முதலில் சாட்சி சொன்னார். பதிவேடு கெட்டுப்போனது தெரிந்ததும் தம்முடைய பயண நாட்குறிப்பைக் கொண்டுவந்திருந்தார். புதன்கிழமை தாம் வந்ததையும், நடந்ததையும் வரிசையாகச் சொன்னார். போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்து, ஐயா ஒரு மாதத்தில் எத்தனையோ பள்ளி போகிறவர், நாள் மாறியிருக்கலாம், வகுப்பாசிரியையின் பாடக்குறிப்பே இருக்கிறது என்றார்.

என் நோட்டு மேசைக்குப் போனது. அதிகாரி புரட்டிப் பார்த்தார். புதன்கிழமைப் பக்கத்தில் கும்மிப் பாடல் இருந்தது, டி.ஐ.யின் கையெழுத்து இல்லை. என்னைக் கேட்டார். அன்றைக்குத் துணை ஆய்வாளர் வந்தாரா?

"எனக்கு ஞாபகம் இல்லைங்க. நோட்டுல உள்ளதுதான் நடந்தது."

"போலீஸ் ஒரு ஆளைப் பிடிச்சுக்கிட்டு அந்த வழியாப் போனதைப் பார்த்தீங்களா?"

"வகுப்பு நடந்துக்கிட்டு இருந்ததுங்க. பார்க்கலை."

டி.ஐ. அந்த நோட்டைத் தாம் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தார்கள். எப்போதும்போல நின்றபடியே படித்தார். முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் புரட்டி வந்து அந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இந்தப் பாடத்த நடத்துனீங்களா?"

"நடத்தினேன் சார்."

"பிள்ளைங்க பாடுச்சா?"

"பாடுச்சு சார்."

நோட்டை மூடி மேசையில் வைத்தார். "நோட்ஸ் நல்லா எழுதியிருக்காங்க" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மாரிமுத்து நோயால் இறந்தார் என்று முடிவு எழுதினார்கள். அடுத்த மாதமே டி.ஐ.யைத் தெற்கே வெகு தூரத்துக்கு மாற்றினார்கள். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அஞ்சலை அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. அவள் அம்மா பாக்கியம் அவளை நடவுக்கும் களையெடுப்புக்கும் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே மார்கழி வரை தினமும் 'வரவில்லை' என்று குறித்தேன். பிறகு விதிப்படி, நீண்ட நாள் வராமை என்று எழுதிப் பெயரை அடித்தேன். தெற்குத் தெரு வழியாக ஒரு தடவைகூட நான் போனதில்லை. தை மாதத்தில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு திருவையாற்றுப் பக்கம் போய்விட்டேன்.

அதன் பிறகு முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். ஆய்வுக்கு வந்த யாரும் என் பாடக்குறிப்பில் ஒரு குறை சொன்னதில்லை. அதை மாதிரிக்கென்று வாங்கிப் போய் மற்ற பள்ளிகளில் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளின் படங்களை மட்டும் நான் சுவரில் ஒட்டுவதில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, சுவர் பாழாகிவிடும் என்று சொல்வேன்.

ஓய்வுக்குப் பல வருடம் முன்பு பதவி உயர்வில் மறுபடியும் மன்னார்குடிப் பக்கம் வந்தேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், ஆனால் கொடுத்தால் பதவி உயர்வே போய்விடும். பழைய ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை. ஜூன் மாதச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் வந்தாள். வெயிலில் கறுத்து மெலிந்த உடம்பு. எனக்கு அடையாளம் தெரியவில்லை. படிவத்தில் பிள்ளையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன்.

"அம்மா பேரு?"

"அஞ்சலை."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னை வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவள் கட்டை விரலை நீட்டினாள்.

"நீ எழுதுவியேம்மா" என்றேன்.

"மறந்து போச்சு டீச்சர்."

மை டப்பாவைத் திறந்து வைத்தேன். இத்தனை வருடம் சொல்லாததை அங்கேயே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "அஞ்சலை, அன்னைக்கு விசாரணையில நான்…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் டீச்சர். எங்கம்மா ஜன்னலுக்கு வெளியதான் நின்னுச்சு. எல்லாம் கேட்டுச்சு. வீட்டுல வந்து சொல்லுச்சு."

விரலை மையில் அழுத்திப் படிவத்தில் வைத்தாள். சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மகளை முன்னால் தள்ளி என் மேசையருகே நிறுத்தினாள்.

"இவ்வளவு தெரிஞ்சும் இங்க கொண்டாந்து சேக்குறியா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. இல்லை, எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அவள் வாயிலிருந்து ஏதாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன்.

அஞ்சலை என்னை நேராகப் பார்த்தாள்.

"வேற எங்க போறது டீச்சர்? நடக்குற தூரத்துல இருக்குறது இது ஒன்னுதானே" என்றாள்.